பூட்டு கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் சர்க்கரை, மூட்டுவலி, பென்ஷன் அரியர்ஸ் பற்றிப் பேசுவோம். இப்போது அந்தப் பட்டியலில் பாஸ்வேர்டும் சேர்ந்துவிட்டது. அதிலும் கையில் நாலு பங்குகள் வைத்திருப்பவர்களின் புலம்பல் தனி ரகம். "பத்து பங்கை விற்க பாஸ்வேர்டு போடு, பின் நம்பர் போடு, டிபின் போடு, அப்புறம் ஓடிபி வரும் வரைக்கும் காத்திரு. அதற்குள் விலை இறங்கிவிடுகிறது. சொந்தப் பொருளை விற்க இத்தனை அனுமதியா?"

இந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக எரிச்சல்படுவதால்தான் நம்மில் பலர் தவறான இடத்தில் வசதியைத் தேடிக்கொள்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒரு பழைய கணக்கைப் பார்த்துவிடலாம். இப்போதுதான் சிரமம், அந்தக் காலத்தில் சௌகரியமாக இருந்தோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காகிதப் பங்குகள் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பங்குப் பத்திரத்தோடு டிரான்ஸ்ஃபர் படிவம் இணைக்க வேண்டும், அதில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், ரிஜிஸ்டர்ட் தபாலில் அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்தபின் ஒரு நாள் உறை கனமாகத் திரும்பி வரும். உள்ளே ஒரு சிறு சீட்டு: கையெழுத்து ஒத்துப்போகவில்லை. முப்பது வயதில் போட்ட கையெழுத்தும் ஐம்பது வயதில் போடுகிற கையெழுத்தும் எப்படி ஒத்துப்போகும்? அப்புறம் வங்கி மேலாளரிடம் போய் நின்று, நான்தான் நான் என்று அத்தாட்சி வாங்க வேண்டும். தபாலில் தொலைந்த பத்திரங்கள், போலிப் பத்திரங்கள் என்று வேறு கதைகளும் உண்டு.

1996ல் டெபாசிட்டரிஸ் சட்டம் வந்து, என்எஸ்டிஎல் தொடங்கி, பங்குகள் காகிதத்திலிருந்து கணினிக்குப் போயின. 1999ல் சிடிஎஸ்எல் வந்தது. 2000ல் இணையம் வழியாகப் பங்கு வாங்கவும் விற்கவும் செபி அனுமதித்தது. நம் கையெழுத்து இருந்த இடத்தில் பாஸ்வேர்டு வந்து உட்கார்ந்தது. நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்: பாஸ்வேர்டு என்பது நம் கையெழுத்து. அதைச் சாவி என்று நினைத்தால் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம் என்று தோன்றும். கையெழுத்து என்று நினைத்தால் அப்படித் தோன்றாது.

சரி, ஒரு கையெழுத்து போதாதா, எதற்கு மூன்று நான்கு? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

டீமேட் கணக்கு தொடங்கும்போது கட்டுக்கட்டாகக் காகிதம் நீட்டினார்களே, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோமே, அதில் ஒன்று பவர் ஆஃப் அட்டர்னி. நாம் பங்கை விற்றால் அதை நம் டீமேட் கணக்கிலிருந்து எடுத்துக்கொடுக்கும் அதிகாரத்தைத் தரகருக்குத் தரும் ஆவணம். பெரிய வசதிதான். ஒவ்வொரு முறையும் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டாம். ஆனால் நாம் விற்காதபோதும் எடுக்க அதே ஆவணம் வழி செய்யலாம் என்பதைப் பலரும் யோசிக்கவில்லை. 2019 நவம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டபோதுதான் நாட்டுக்கே அது புரிந்தது. சுமார் 95,000 வாடிக்கையாளர்களின் பங்குகள், 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளவை, அடகு வைத்துக் கடன் வாங்கப் பயன்பட்டிருந்தன. பெரும்பாலானவர்களின் பங்குகள் அந்த டிசம்பரிலேயே அவரவர் கணக்குக்குத் திரும்பிவிட்டன. ஆனால் அந்த நாட்களில் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள்?

அதன் பிறகு வந்ததுதான் நாம் திட்டித் தீர்க்கும் டிபின். 2020ல் சிடிஎஸ்எல் கொண்டுவந்தது. பங்கை விற்கும்போது தரகரின் பக்கத்திலிருந்து நம்மை சிடிஎஸ்எல்லின் சொந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய், "இந்தப் பங்கை எடுக்க நீங்கள்தான் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்கிறது. ஆறு இலக்க எண்ணும் ஓடிபியும் கொடுத்தால்தான் பங்கு நகரும். தரகரே நினைத்தாலும் நம் சம்மதம் இல்லாமல் பங்கை எடுக்க முடியாதபடி நடுவில் ஒரு கதவு. நமக்கு அது தொல்லையாகத் தெரிகிறது. உண்மையில் அது நமக்காகக் காவல் காக்கிறது.

2022 ஜூனில் என்எஸ்இ இன்னொரு சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் முடிவுக்குள் எல்லாத் தரகர்களும் உள்ளே நுழைய இரண்டு வகை அடையாளம் கேட்க வேண்டும். கைரேகையோ முகமோ ஒன்று. அதோடு நமக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டோ, நம் கையில் மட்டும் இருக்கும் போனுக்கு வரும் ஓடிபியோ. ரேகை வைக்க முடியாதவர்களுக்கு பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டும். நவம்பர் மாதம் ஜீவன் பிரமாண் கொடுக்கப் போய், கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் இயந்திரம் ஒப்புக்கொள்ளாமல் நின்றவர்களுக்கு இந்த இரண்டாவது வழியின் அருமை தெரியும்.

"என் கணக்கில் எவன் புகுந்தால் என்ன? பணம் எப்படியும் நான் பதிவு செய்த வங்கிக் கணக்குக்குத்தானே போகும்? திருடனுக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. விடைதான் பலருக்குத் தெரியவில்லை.

திருடன் நம் பணத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டியதே இல்லை. யாரும் வாங்காத ஒரு நோஞ்சான் பங்கை அவன் முன்கூட்டியே சல்லிசாக வாங்கி வைத்திருப்பான். நம் கணக்கில் புகுந்து நம்மிடம் இருக்கும் நல்ல பங்குகளை விற்று, அந்தப் பணத்தில் அவனுடைய நோஞ்சான் பங்கை ஏறிய விலைக்கு வாங்கச் செய்வான். விலை ஏறியதும் அவன் விற்றுவிட்டுப் போய்விடுவான். நம் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் கூட வெளியே போயிருக்காது. ஆனால் உள்ளே இருப்பது குப்பை. இது கற்பனை இல்லை. 2025ல் ஜப்பானில் ஆயிரக்கணக்கான கணக்குகளில் இதே மாதிரி புகுந்து விளையாடினார்கள். தரகு நிறுவனங்களைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கங்களில் மக்கள் தாங்களே தட்டிக்கொடுத்த பாஸ்வேர்டுகள் அதற்குப் பெரிதும் உதவின. அதன் பிறகு அங்குள்ள நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டாவது அடையாளத்தைக் கட்டாயமாக்கின. நாம் சலித்துக்கொள்ளும் அதே ஏற்பாடுதான்.

இதெல்லாம் எங்கோ இருக்கும் கில்லாடிகளின் வேலை. நம் வயதுக்காரர்களுக்கு இவர்களைவிடப் பெரிய ஆபத்து பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வாழ்நாள் முழுக்கச் சிட்டையில் வரவு செலவு எழுதியவர். ஒரு பெரிய தரகு நிறுவனத்தின் கிளை ஏஜென்சி ஒன்றில் கணக்கு வைத்திருந்தார். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையன், தங்கமான பையன் என்றே சொல்வார். பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது என்று இவர் மூன்றாவது முறையாகப் போய் நின்றபோது அவன் சொன்னான்: "சார், நீங்க எதுக்கு இந்த வெயில்ல அலையணும்? நானே மாத்தி வச்சுக்கறேன். உங்களுக்கு என்ன வேணுமோ போன்ல சொல்லுங்க." அப்புறம் ஓடிபிக்காக ஒவ்வொரு முறையும் சாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போன் நம்பரும் ஈமெயிலும் அவன் வசதிக்கு மாறின. எல்லாவற்றுக்கும் இவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. கேட்டதை வாங்கினான், சொன்னதை விற்றான். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கூட வந்தது. ஒரு நாள் வருமான வரிக்காக ஆடிட்டர் கேட்ட கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, அதில் பக்கம் பக்கமாக ஆப்ஷன் வியாபாரம். ஒரே நாளில் இருபது, முப்பது முறை வாங்கி விற்றிருந்தது. ஆப்ஷன் என்றால் என்ன என்றே நண்பருக்குத் தெரியாது. நஷ்டமும் தரகுக் கட்டணமும் சேர்ந்து நாலரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. பையன் வேலையை விட்டுப் போயிருந்தான்.

புகார் கொடுத்தார். விசாரித்தார்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் சரியான பாஸ்வேர்டு, சரியான ஓடிபி, பதிவு செய்த நம்பர், பதிவு செய்த ஈமெயிலுக்குப் போன கான்ட்ராக்ட் நோட். காகிதப்படி எல்லாம் அவரே செய்தது. கடைசியில் தரகுக் கட்டணத்தில் ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் போனதைவிட, இதை இன்றுவரை அவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, இனிமே எதையும் தொட விடாதீங்கன்னு சொல்லிடுவாங்கப்பா" என்கிறார். நாலரை லட்சத்தோடு அவருடைய சுதந்திரமும் போய்விடுமோ என்ற பயம்.

இந்தக் கதையில் பாஸ்வேர்டை யாரும் உடைக்கவில்லை, யூகிக்கவில்லை, திருடவில்லை. அவரே கொடுத்தார். பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. டீமேட் வந்த புதிதில் டிஐஎஸ் என்ற டெலிவரி சீட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், நம் செக் புத்தகம் மாதிரி. "சார், ஒரு பத்து சீட்டுல கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போங்க, தேவைப்படும்போது நாங்க எழுதிக்கறோம்" என்று கேட்ட தரகர்கள் உண்டு; கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. அன்று வெற்றுச் சீட்டில் கையெழுத்து, இன்று பாஸ்வேர்டு. ஏமாற்று வழி மாறவே இல்லை.

இனி நம் புலம்பலில் நியாயமான பாதிக்கு வருகிறேன்.

நண்பர் மூன்று முறை வெயிலில் அலைந்தாரே, அது யாருடைய குற்றம்? குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்று. பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரமோ டாலரோ ஒன்று வேண்டும். முன்பு வைத்தது எதையும் திரும்ப வைக்காதே. இந்த விதிகள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. 2003ல் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தர நிர்ணய அமைப்பில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டிதான் இவற்றை உலகம் முழுக்கப் பரப்பியது. அவரே 2017ல், ஓய்வுபெற்ற பிறகு, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை 1லிருந்து 2 ஆக மாற்றுவார்கள், அவ்வளவுதான். அதே 2017ல் என்ஐஎஸ்டியும் தன் வழிகாட்டியைத் திருத்திவிட்டது. காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதே, வெளியே கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல். விசித்திரக் குறிகளைவிட நீளம்தான் முக்கியம் என்றது.

அப்புறமும் பல நிறுவனங்கள் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கின்றன. நீளமாக வைக்கலாம் என்றால் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்கிறார்கள். மனிதனால் நினைவில் வைக்க முடியாததை வைக்கச் சொன்னால், ஒன்று அவன் எளிதாக யூகிக்கக்கூடியதை வைப்பான், அல்லது இன்னொருவரிடம் கொடுத்துவிடுவான். கணினிக்கு பாஸ்வேர்டை முதன்முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ, 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் பலர் பகிர்ந்துகொண்ட ஒரே கணினியில் அவரவர் கோப்பை அவரவர் மட்டும் பார்க்க வழி செய்தவர், தன் பாஸ்வேர்டுகளைத் தட்டச்சு செய்த பட்டியலாக வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அவருக்கே அந்த நிலைமை என்றால், எழுபது வயதில் நாம் மறப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதனால் எழுதி வைக்காதே என்ற உபதேசத்தை நான் ஏற்பதில்லை. காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டை எடுக்க ரஷ்யாவில் இருக்கும் திருடன் நம் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் வாட்ஸப்பில் மகனுக்கு அனுப்பியதும், போனில் "பாஸ்வேர்டு" என்று பெயரிட்டு சேமித்ததும், ஏஜெண்டிடம் சொன்னதும் நம் கையை விட்டுப் போய்விட்டவை. ஒரு சின்ன நோட்டு, நகைக்கு எவ்வளவு மரியாதை கொடுப்போமோ அவ்வளவு மரியாதையோடு உள்ளே இருக்கட்டும். வீட்டுக்காரம்மாவுக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். மாற்றும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுப் புதியதைத் தேதியோடு எழுதுங்கள்.

இன்னொரு விஷயம்: வசதி யாருக்குத் தேவை? ஒரு நாளில் நூறு முறை வாங்கி விற்பவனுக்கு ஒவ்வொரு விநாடியும் காசு. அவனுக்காகத்தான் ஒரே தட்டில் நுழை, ஒரே தட்டில் விற்றுவிடு என்று ஆப்களை வடிவமைக்கிறார்கள். அவன் அதிகம் வியாபாரம் செய்தால் தரகருக்கு வருமானம். நாம் அந்தக் கூட்டம் இல்லையே! ஆண்டில் நாலு முறை விற்போமா? பேத்தி கல்யாணம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, ஆஸ்பத்திரி. அந்த நாலு முறையும் பத்து நிமிடம் கூடுதலாக ஆனால் என்ன குடி முழுகிவிடும்? வங்கி லாக்கரைத் திறக்க நடந்துபோய், கையெழுத்துப் போட்டு, இரண்டு சாவி போட்டுத் திறக்கிறோம். லாக்கர் நம் படுக்கைக்குப் பக்கத்தில் திறந்தபடியே இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. டீமேட்டும் லாக்கர்தான். அடிக்கடி திறக்காத பூட்டு கனமாக இருப்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. "விலை இறங்கிவிடுகிறது" என்று பத்து நிமிடத்துக்காகப் பதறுகிறவர், இருபது வருடம் அதே பங்கை வைத்திருந்தவர் என்பதை மறந்துவிடுகிறார்.

ஆகவே என் யோசனைகள் இவை. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்.

பாஸ்வேர்டுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முருங்கை, ரயில், தாத்தா, கற்பூரம் என்பது போல. தட்டிப் பார்த்தால் 28 எழுத்து வருகிறது. யூகிப்பது கடினம், நமக்கு மறக்காது. இதையே வைத்துக்கொள்ளாதீர்கள், இதுதான் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதே! அவ்வளவு நீளத்தை உங்கள் தரகர் அனுமதிக்காவிட்டால் இரண்டு சொல்லும் ஒரு எண்ணும். அந்த எண் பிறந்த வருடமாக இருக்கக் கூடாது. பங்குக் கணக்குக்கு வைத்ததை வேறு எங்கும் வைக்கக் கூடாது. ஆன்லைனில் புடவை வாங்கிய கடையின் பட்டியல் ஒரு நாள் கசிந்தால், திருடர்கள் முதலில் செய்வது அதே ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் வங்கியிலும் தரகரிடமும் போட்டுப் பார்ப்பதுதான். அந்த ஈமெயில் கணக்கின் பாஸ்வேர்டையும் இதே அக்கறையோடு வையுங்கள். அது போனால் மற்றதையெல்லாம் அதன் வழியாகவே மாற்றிவிடலாம்.

பதிவு செய்த போன் நம்பர் நம் சட்டைப்பையில் இருக்கும் நம்பராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் நம்பரைக் கொடுத்துவிட்டு, இங்கே மாலை மூன்று மணிக்கு ஓடிபிக்காக அவனை விடிகாலைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது யாருக்கும் நல்லதல்ல. பழைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போய்விடும்; நம் ஓடிபியும் அவரோடு போகும்.

விற்கும்போது டிபின் தொல்லை வேண்டாம் என்றால் டிடிபிஐ என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக 2022ல் வந்தது. அதைவிட எல்லை குறுகியது, பாதுகாப்பு கூடியது என்பது உண்மை. ஆனால் அது கட்டாயமில்லை. ஆண்டில் நாலு முறை விற்பவருக்கு அது தேவையும் இல்லை. என் வரையில் டிபினே போதும்.

விற்கும் எண்ணமே இல்லாத பங்குகள் என்றால் இன்னொரு வழியும் உண்டு. டீமேட் கணக்கையே வெளியே எடுக்க முடியாதபடி முடக்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். போனஸ் பங்கு வந்தால் உள்ளே வரும், டிவிடெண்ட் வழக்கம்போல வங்கிக்குப் போகும், வெளியே மட்டும் எதுவும் போகாது. தேவைப்படும்போது எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வியாபாரக் கணக்கிலும் யாரோ புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் உடனே முடக்கச் சொல்லும் வசதியைத் தரகர்கள் தர வேண்டும் என்று 2024ல் செபி உத்தரவிட்டிருக்கிறது. எந்த நம்பருக்கு, எந்த ஈமெயிலுக்குச் சொல்ல வேண்டும் என்பதை இன்றே கேட்டு அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே 1930 என்று சைபர் குற்ற உதவி எண்ணையும் எழுதுங்கள். பதற்றத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது.

பங்குச் சந்தையும் டெபாசிட்டரியும் அனுப்பும் எஸ்எம்எஸ்களைப் படியுங்கள். நாம் எதுவும் செய்யாத நாளில் செய்தி வந்தால் அன்றைக்கே கேளுங்கள். ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வரும்போதெல்லாம் அதைத் திறந்து பங்குகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். என் நண்பரின் விஷயத்தில் இந்தச் செய்திகளெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தன, வேறொருவர் போனுக்கு.

கடைசியாக, "நான் போனபின் அவள் எடுத்துக்கொள்ளட்டும்" என்று பாஸ்வேர்டை மனைவியிடம் சொல்லி வைப்பதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறவர்களுக்கு. இறந்தவரின் பாஸ்வேர்டைப் போட்டு வியாபாரம் செய்வது அவருடைய கையெழுத்தைப் போடுவதற்குச் சமம். பின்னால் வாரிசுகளுக்குள் சிக்கல் வந்தால் அந்த அம்மாள் பதில் சொல்ல வேண்டி வரும். அதற்கான வழி நாமினேஷன், அல்லது கூட்டுக் கணக்கு. டீமேட் கணக்கில் மூன்று பேர் வரை சேர்ந்து இருக்கலாம். நாமினி பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நம் பக்கம் இவ்வளவு செய்தால், நிறுவனங்களிடமும் மூன்று கேட்க நமக்கு உரிமை உண்டு. காலக்கெடு வைத்து பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதை நிறுத்துங்கள். நீளமான சொற்களை அனுமதியுங்கள். அதைவிட முக்கியமாக, மூத்த வாடிக்கையாளர் ஒருவரின் போன் நம்பரும் ஈமெயிலும் ஒரே நேரத்தில் மாறினால், பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டு "ஐயா, இது நீங்கள்தானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை என் நண்பருக்கு நாலரை லட்சத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

பங்குகளைப் பொறுத்தவரை சந்தை ஏறும், இறங்கும். அது நம் கையில் இல்லை. கையெழுத்து நம் கையில் இருக்கிறது. அதை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம், எவ்வளவு தங்கமான பையனாக இருந்தாலும்.